இரண்டு தாள், ஒரே பெயர்

"தம்பி, முதல்ல பேரைப் படி. சம்பளத்தை அப்புறம் பார்த்துக்கலாம்."

வெளிநாட்டில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் வேலைக்கு எனக்கு முதல் ஒப்பந்தம் வந்த அன்று அக்கா சொன்னது இது. அக்கா என்றால் உடன்பிறந்தவர் அல்ல. ஆசிரியர் பயிற்சி வகுப்பில் எனக்கு மூத்தவர், அதற்கு முன்பே மூன்று நாடுகளில் வகுப்பெடுத்துவிட்டுத் திரும்பியவர். பதினோரு பக்க ஒப்பந்தத்தை நான் நேராகச் சம்பளப் பக்கத்தில் திறந்துவைத்திருந்தேன். அவர் அதை வாங்கி முதல் பக்கத்துக்கும் கடைசிப் பக்கத்துக்குமாகப் புரட்டிக்கொண்டே இருந்தார்.

2019-ஆம் ஆண்டு அது. சீனாவில் ஓர் ஆங்கிலப் பயிற்சி மையம். ஏஜென்ட் தினமும் பேசுவார், பேச்சில் குறையே சொல்ல முடியாது. தங்குமிடம் உண்டு, விமானக் கட்டணம் உண்டு, வாரத்துக்கு 25 மணி நேரம்தான் வகுப்பு. விசாவைப் பற்றிக் கேட்டால் மட்டும் ஒரே பதில்: "இப்போ எம் விசாவுல வாங்க, வந்த பிறகு மாத்திக்கலாம்." எம் விசா என்பது வணிகப் பயண விசா. மூன்றாம் முறை கேட்டபோது, "டிக்கெட் போட்டாச்சா?" என்று பேச்சை மாற்றினார்.

அக்கா மூன்று தாள்களை மேசையில் வரிசையாக வைத்தார். ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தில் அழகான ஆங்கிலத்தில் ஒரு பள்ளியின் பெயர். கடைசிப் பக்கத்தில் வட்டமான சிவப்பு முத்திரை, முழுக்கச் சீன எழுத்து. விசாவுக்கான அழைப்புக் கடிதத்தில் இன்னொரு பெயர். முத்திரையின் மேல் போன் கேமராவைப் பிடித்து மொழிபெயர்த்துப் பார்த்தோம். ஒரு கல்வி ஆலோசனை நிறுவனத்தின் பெயர் வந்தது. அழைப்புக் கடிதம் கொடுத்திருந்தது வேறு நகரத்தில் உள்ள ஒரு ஏற்றுமதி இறக்குமதி நிறுவனம். ஒரே வேலை, மூன்று பெயர். ஏஜென்டிடம் கேட்டேன். "எல்லாம் ஒரே குரூப்தான் சார்" என்றார்.

அக்கா நிமிர்ந்து பார்த்தார். "குரூப்புக்கு எந்த நாட்டுலயும் வொர்க் பெர்மிட் கொடுக்க மாட்டாங்க தம்பி. பதிவு பண்ணின ஒரு கம்பெனிக்குத்தான் கொடுப்பாங்க."

இந்த ஒரு வாக்கியத்தை விளக்கத்தான் இத்தனை நீளமாக எழுதுகிறேன். வேலை ஒப்பந்தத்தையும் வேலை விசாவையும் நாம் தனித்தனியாகப் பார்த்துப் பழகிவிட்டோம். ஒப்பந்தம் நமக்கும் பள்ளிக்கும் உள்ள விவகாரம், விசா நமக்கும் தூதரகத்துக்கும் உள்ள விவகாரம் என்று நினைக்கிறோம். உண்மையில் இரண்டும் சேர்ந்துதான் ஒரு வேலை. இன்ன பாஸ்போர்ட் வைத்திருக்கும் இந்த ஆள், இந்த நிறுவனத்தில், இந்த இடத்தில், இந்த வேலையைச் செய்யலாம் என்று ஒரு நாடு எழுதிக் கொடுக்கிறது. ஒப்பந்தம் சொல்வது அதிலிருந்து ஒரு சொல் விலகினாலும் போகும்போதே ஒரு கால் சட்டத்துக்கு வெளியே இருக்கிறது.

சீனாவையே எடுத்துக்கொள்வோம். அங்கே வேலைக்குப் போகிறவருக்கு இஸட் விசா. அதற்கு முன்னால் வேலை கொடுப்பவர் அரசிடம் விண்ணப்பித்து, வேலை அனுமதி அறிவிப்புக் கடிதத்தை வாங்கி நமக்கு அனுப்ப வேண்டும். அதைக் காட்டித்தான் தூதரகத்தில் இஸட் விசா வாங்குகிறோம். இறங்கிய 30 நாளுக்குள் வசிப்பிட அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். எம் விசா, சுற்றுலா விசா, மாணவர் விசா எதிலும் வகுப்பெடுக்க முடியாது. 2013 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் வெளியேறல்-நுழைவுச் சட்டத்தின்படி, அனுமதியில்லாமல் வேலை செய்தவருக்கு 5,000 முதல் 20,000 யுவான் வரை அபராதம். கடுமையான விஷயம் என்று கருதினால் 5 முதல் 15 நாள் வரை காவலும் உண்டு. வேலை கொடுத்தவருக்கும் தண்டனை இருக்கிறது, ஆள் ஒன்றுக்கு 10,000 யுவான், மொத்தத்தில் 1,00,000-க்கு மேல் போகாது. கணக்கைப் பாருங்கள். மையத்துக்கு இது ஒரு செலவு. நமக்கோ காவல், நாடு கடத்தல், மறுபடி அந்த நாட்டுக்குள் நுழைய முடியாத நிலை.

"வந்த பிறகு மாத்திக்கலாம்" என்று ஏன் சொல்கிறார்கள்? நான் பார்த்தவரை பெரும்பாலும் காரணம் இரண்டில் ஒன்று. அந்த மையத்துக்கு வெளிநாட்டவரை வேலைக்கு வைக்கும் தகுதி இல்லை. அல்லது நமக்கு அந்த வேலைக்கான சட்டத் தகுதி இல்லை.

இரண்டாவதைப் பற்றிப் பேசும்போது எனக்கு இன்றும் வலிக்கிறது. சீனாவில் ஆங்கில ஆசிரியர் வேலைக்கு, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட நாட்டுக் குடிமகனாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அதோடு பட்டப்படிப்பு, இரண்டு ஆண்டு அனுபவம் அல்லது ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ், குற்றப் பின்னணி இல்லை என்ற சான்று. தென்கொரியாவில் ஆங்கிலம் கற்பிக்க வழங்கும் ஈ-2 விசா, பொது விதியாக அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா என்ற ஏழு நாட்டுப் பாஸ்போர்ட்டுக்கு உரியது. என் பாஸ்போர்ட் அந்தப் பட்டியலில் இல்லை. இலக்கணம் எனக்குத் தெரியும், வகுப்பு நடத்தத் தெரியும், பிள்ளைகள் வாய்திறந்து பேச என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். பிறந்த இடத்தை வைத்து ஆசிரியரை அளப்பது தவறு என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் அந்த அநியாயத்தை ஏஜென்ட் எனக்காக எதிர்க்கவில்லை. அதை வைத்துக் காசு பார்த்தார். மாட்டினால் காவல் நிலையத்தில் பாஸ்போர்ட்டை நீட்டப்போவது நான், அவர் இல்லை.

ஆகவே ஒப்பந்தத்தைத் திறப்பதற்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி: என் பாஸ்போர்ட்டுக்கு, என் பட்டத்துக்கு, இந்த நாட்டில் இந்த வேலை சட்டப்படி உண்டா? இதற்குப் பதிலை ஏஜென்டிடம் வாங்கக் கூடாது. அந்த நாட்டுக் குடிவரவுத் துறை, தொழிலாளர் துறை, தூதரகம் இவற்றின் தளங்களில் நாமே படிக்க வேண்டும். அங்கே "இல்லை" என்று இருந்தால், வேறு வழி இருப்பதாகச் சொல்கிறவர் நம்மைத்தான் விற்கிறார்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிட வேண்டும். விசாவின் பெயரை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிடவும் முடியாது. ஸ்பெயினில் அரசு நடத்தும் மொழி உதவியாளர் திட்டத்தில் பள்ளிகளுக்குப் போகிறவர்களுக்கு மாணவர் விசாதான். அது முழுக்கச் சட்டப்படியானது, ஏனென்றால் அந்தத் திட்டமே அப்படி அமைந்திருக்கிறது. அதே மாணவர் விசாவைச் சீனாவில் வைத்துக்கொண்டு பயிற்சி மையத்தில் நின்றால் குற்றம். ஜப்பானில் இது இன்னும் நுணுக்கம். அரசுப் பள்ளியில் கற்பிப்பவருக்கு ஒரு வகை வசிப்புரிமை, தனியார் ஆங்கில உரையாடல் பள்ளியில் கற்பிப்பவருக்கு வேறு வகை. முதல் வகையை வைத்திருப்பவர் மாலையில் தனியார் பள்ளியில் இரண்டு மணி நேரம் எடுக்க நினைத்தாலும் குடிவரவுத் துறையிடம் தனி அனுமதி வாங்க வேண்டும். இரண்டும் ஆங்கிலம் கற்பிக்கும் வேலைதானே என்று நமக்குத் தோன்றும். சட்டத்துக்கு அப்படித் தோன்றாது.

அந்தச் சீன ஒப்பந்தத்தை நான் கையெழுத்திடவில்லை. ஆனால் அக்கா அதைத் தூக்கிப் போடவும் விடவில்லை. "தப்பான ஒப்பந்தத்தைத்தான் முழுசாப் படிக்கணும், அப்போதான் நல்லது எது தப்பு எதுன்னு தெரியும்" என்று உட்காரவைத்துவிட்டார். அன்று மாலை முழுக்கப் படித்தோம்.

வாரம் 25 மணி நேரம் என்ற இடத்தில் முதலில் நின்றோம். ஆங்கிலப் பக்கத்தில் "கற்பிக்கும் நேரம் 25" என்று இருந்தது. அக்காவுக்குத் தெரிந்த ஒருவரிடம் சீனப் பக்கத்தைப் படிக்கச் சொன்னோம். அதில் வாரம் 40 மணி நேரம் மையத்தில் இருக்க வேண்டும், அதற்குள் 25 வகுப்பு. அதுவும் "வகுப்பு" என்றால் 40 நிமிடமா 60 நிமிடமா என்று எங்கேயும் இல்லை. விளம்பர நிகழ்ச்சி, பெற்றோர் சந்திப்பு, மாதிரி வகுப்பு எல்லாம் அந்த 40-க்குள் வருமா வெளியே வருமா என்பதும் இல்லை. இப்படி இரண்டு மொழியில் இருக்கும் ஒப்பந்தங்களின் கடைசியில் ஒரு வரி இருக்கும்: இரண்டு வடிவங்களுக்கும் வேறுபாடு வந்தால் உள்ளூர் மொழி வடிவமே செல்லும். அந்த வரி இருந்துவிட்டால் நாம் படித்த ஆங்கிலப் பக்கம் வெறும் உபசாரம். உள்ளூர் மொழிப் பக்கத்தை, ஏஜென்டுக்குச் சம்பந்தமில்லாத ஒருவரிடம் கொடுத்து, குறைந்தது நேரம், சம்பளம், விலகல், அபராதம் என்ற நான்கு பகுதிகளையாவது படித்துக் கேட்டே ஆக வேண்டும். இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

அடுத்தது, பார்க்கச் சாதாரணமாக இருந்த ஒரு வரி: "தேவைக்கேற்ப நிர்வாகம் ஆசிரியரைப் பிற கிளைகளுக்கோ கூட்டாளிப் பள்ளிகளுக்கோ அனுப்பலாம்." இதைப் படித்ததும் எனக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது, நாலு இடம் பார்க்கலாமே என்று. அக்கா அதன் கீழே இரண்டு கோடு போட்டார். வேலை அனுமதி ஒரு நிறுவனத்தின் பெயருக்கு, பல நாடுகளில் ஒரு முகவரிக்கும் கட்டப்பட்டது. கூட்டாளிப் பள்ளி வேறு நிறுவனம் என்றால், அங்கே போய் நிற்கும் நேரத்தில் நம்மிடம் அனுமதி இல்லை. எல்லாத் தாளும் சரியாக வைத்திருக்கும் ஆசிரியர்கூட இந்த ஒரு வரியால் சட்டத்தை மீறுகிறார், அதுவும் மேலாளர் அனுப்பிய வாகனத்தில் ஏறிப்போய் மீறுகிறார். "அனுப்பும் ஒவ்வொரு இடத்துக்கும் சட்டப்படியான அனுமதியை நிர்வாகம் முன்கூட்டியே பெற்றுத்தரும், அது இல்லாத இடத்துக்குப் போக மறுப்பது ஒப்பந்த மீறல் ஆகாது" என்று ஒரு வாக்கியத்தைச் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். நல்ல பள்ளி சேர்த்துக்கொள்ளும். சேர்க்க மறுத்தால், அந்த மறுப்பே போதுமான பதில்.

பிறகு அபராதம். "ஒப்பந்தக் காலம் முடியும் முன் விலகினால் இரண்டு மாதச் சம்பளம் கட்ட வேண்டும்." இப்படிப்பட்ட வரியை இந்தத் தொழிலில் பார்க்காதவர் குறைவு. ஜப்பானின் தொழிலாளர் நியமச் சட்டம் 16-ஆவது பிரிவில், ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு தொகை என்று முன்கூட்டியே நிர்ணயிப்பதைத் தடை செய்கிறது. கொரியாவின் தொழிலாளர் நியமச் சட்டத்தின் 20-ஆவது பிரிவும் அதையே சொல்கிறது. ஆக, வரி இருக்கிறது என்பதாலேயே அது செல்லும் என்று அர்த்தமில்லை. ஆனால் சட்டத்தில் அது செல்லாது என்று தெரிந்திருப்பதும், கடைசி மாதச் சம்பளத்தை அவர்கள் பிடித்துவைத்திருக்கும்போது அதை வாதாடி வாங்குவதும் ஒன்றல்ல. கையெழுத்துக்கு முன்பு அடிக்கச் சொல்வதுதான் நல்லது.

கொரியாவைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றும் சொல்ல வேண்டும். அங்கே ஓராண்டு முழுதாக வேலை பார்த்தால், ஆண்டுக்குக் குறைந்தது 30 நாள் சராசரிச் சம்பளம் விலகல் தொகையாகத் தர வேண்டும் என்பது சட்டம். அதனால்தான் 11 மாத ஒப்பந்தங்கள் முளைத்தன, பதினோராவது மாதத்தில் காரணம் கண்டுபிடித்து ஆசிரியரை அனுப்பும் வேலையும் தொடங்கியது. ஒப்பந்தக் காலம் 12 மாதத்துக்கு ஒரு நாள் குறைந்தாலும் ஏன் என்று கேளுங்கள். அதேபோல, "ஊழியர்" என்ற சொல் இருக்க வேண்டிய இடத்தில் "சுயேச்சை ஒப்பந்ததாரர்" என்று இருந்தால் நிறுத்திப் படியுங்கள். அந்த ஒரு சொல் விடுப்பு, காப்பீடு, ஓய்வூதியம் எல்லாவற்றையும் ஒரே வீச்சில் எடுத்துவிடும். வீட்டு வாடகை, விமானக் கட்டணம் போன்றவற்றைப் பற்றி எல்லோரும் நன்றாகவே விசாரிக்கிறார்கள், நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

வளைகுடாப் பக்கம் போகிறவர்களுக்கு வேறொரு ஆபத்து, இங்கே கையெழுத்திட்ட தாள் ஒன்று, அங்கே இறங்கியதும் நீட்டும் தாள் வேறொன்று. ஐக்கிய அரபு அமீரகத்தில் ஆஃபர் லெட்டரும் பிறகு பதிவாகும் ஒப்பந்தமும் பொருந்த வேண்டும் என்பது முறை. 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தனியார் துறைத் தொழிலாளர் சட்டம், ஆள் எடுக்கும் செலவை ஊழியரிடம் நேரடியாகவோ மறைமுகமாகவோ வாங்கக் கூடாது என்கிறது, பாஸ்போர்ட்டைப் பிடித்துவைக்கக் கூடாது என்கிறது, தகுதிகாண் காலம் ஆறு மாதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1997-ஆம் ஆண்டு 181-ஆவது உடன்படிக்கையின் 7-ஆவது பிரிவும் வேலைவாய்ப்பு ஏஜென்சிகள் தொழிலாளரிடம் கட்டணம் வாங்குவதைப் பொதுவாகத் தடுக்கிறது. எல்லா நாடும் அதை ஏற்கவில்லை. ஆனால் "விசா செலவுக்கு முன்பணம் கட்டுங்க" என்று ஒருவர் சொன்னால் எந்தச் சட்டத்தின்படி என்று திருப்பிக் கேட்க அது போதும்.

கடைசியில் நான் போனது வியட்நாமுக்கு. அங்கேயும் பட்டம், ஆசிரியர் பயிற்சிச் சான்று, குற்றப் பின்னணி இன்மைச் சான்று, மருத்துவச் சான்று எல்லாம் வேண்டும். எல்லாவற்றையும் முறைப்படி சான்றுறுதி செய்து கொடுத்தேன். வேலை அனுமதி கைக்கு வர ஏழு வாரம் ஆனது. அதற்குள் மையத்திலிருந்து நான்கு முறை கூப்பிட்டார்கள். "டெமோ கிளாஸ்தான் சார், சும்மா உட்கார்ந்து பாருங்க" என்றார்கள். போகவில்லை. அந்த ஏழு வாரச் சம்பளம் போனது, கையிருப்பு கரைந்தது, தங்கியிருந்த அறையில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்த நாட்களும் உண்டு. அக்காவிடம் புலம்பியபோது, "அனுமதி வர்ற வரைக்கும் நீ ஆசிரியர் இல்லை தம்பி, வெறும் பயணி. பயணி வகுப்பெடுக்கக் கூடாது" என்றார்.

அதே மையத்தில் ஐந்து மாதமாக வேலை பார்த்துக்கொண்டிருந்தான் ஒரு தம்பி. தமிழ்ப் பையன், என்னைவிட ஆறு வயது சின்னவன். பிள்ளைகள் அவன் மேல் உயிரையே வைத்திருந்தார்கள். உன் வேலை அனுமதி எங்கே என்று நான் சேர்ந்த வாரமே கேட்டேன். "ப்ராசஸ்ல இருக்குண்ணா" என்றான். எந்த அலுவலகத்தில், எந்த எண்ணில், எந்தத் தேதியில் விண்ணப்பித்தார்கள் என்று கேட்டேன். தெரியவில்லை. கேட்டு வாங்கு என்றேன். கேட்டான், "அடுத்த வாரம்" என்றார்கள். அவனும் நம்பினான்.

ஒரு வியாழக்கிழமை மாலை ஆறு மணி வகுப்பு. கண்ணாடிக் கதவுக்கு வெளியே வரவேற்பில் இருக்கும் பெண் வேகமாக நடந்து வந்து, என் வகுப்பைத் தாண்டி அவன் வகுப்புக் கதவைத் தட்டினார். கீழே ஆய்வுக்கு ஆட்கள் வந்திருக்கிறார்கள். அனுமதி இல்லாதவர்களைப் பின்பக்கப் படிக்கட்டு வழியாக அனுப்பச் சொல்லியிருக்கிறார் மேலாளர். அவன் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தான், கையில் நீல மார்க்கர் மூடி இல்லாமல் இருந்தது. பலகையில் ஒரு வாக்கியத்தைப் பாதியில் விட்டிருந்தான். பிள்ளைகள் அடுத்த சொல்லுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். படிக்கட்டு முடியும் இடத்திலும் ஓர் அதிகாரி நின்றிருந்தார்.

என்னிடம் கேட்டபோது அனுமதி அட்டையைக் கொடுத்தேன். பெயரைப் பார்த்தார், மையத்தின் பெயரைப் பார்த்தார், முகவரியைப் பார்த்தார், திருப்பிக் கொடுத்தார். அரை நிமிடம் ஆகியிருக்குமா என்பதே சந்தேகம். அந்த அரை நிமிடத்துக்காகத்தான் ஏழு வாரம் காத்திருந்தேன்.

தம்பிக்காக விண்ணப்பமே கொடுக்கவில்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. ஐந்து மாதத்தில் ஒரு தாள்கூட அலுவலகத்துக்குப் போகவில்லை. 2022-ஆம் ஆண்டு வந்த அரசாணைப்படி, அனுமதியில்லாமல் வேலை பார்க்கும் வெளிநாட்டவருக்கு அங்கே 1.5 கோடி முதல் 2.5 கோடி டோங் வரை அபராதம், கூடவே நாடு கடத்தல். அபராதத்தைக் கட்டிவிட்டுக் கிளம்பினான். கடைசி மாதச் சம்பளத்தைக் கேட்டதற்கு, சட்டப்படி நீ இங்கே ஊழியரே இல்லையே என்றார்கள். அந்தப் பதிலை இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை. ஐந்து மாதம் அவனை ஊழியனாக நடத்தியவர்கள்தான் அவர்கள்.

அன்றிலிருந்து "ப்ராசஸ்ல இருக்கு" என்ற சொல்லை நான் பதிலாக ஏற்பதில்லை. எந்தக் கட்டத்தில் இருந்தாலும் ஒரு தாளோ ஓர் எண்ணோ இருக்கும். சீனா என்றால் அனுமதி அறிவிப்புக் கடிதம். ஜப்பான் என்றால் குடிவரவுத் துறை தரும் தகுதிச் சான்றிதழ். தாய்லாந்து என்றால் நான்-பி என்ற வேலைக்கான விசா, வேலை அனுமதி, பள்ளி வேலைக்கு ஆசிரியர் உரிமமோ அதிலிருந்து தற்காலிக விலக்கோ. தாய்லாந்தில் அனுமதியின்றி வேலை செய்தால் 5,000 முதல் 50,000 பாட் வரை அபராதமும் வெளியேற்றமும் உண்டு. தொண்ணூறு நாளுக்கு ஒருமுறை எல்லை தாண்டிப் போய்த் திரும்பி வந்துகொண்டே இருக்கலாம் என்று யாராவது சொன்னால், அவர் உங்களுக்கு வேலை அனுமதி எடுக்கப்போவதில்லை என்றுதான் சொல்கிறார்.

இன்னொரு பொறியையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. இரண்டு ஆண்டு அனுபவம் வேண்டும் என்ற இடத்தில் சில ஏஜென்ட்கள், "கடிதம் நாங்களே ரெடி பண்ணிடறோம், நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க" என்பார்கள். உதவி செய்வதுபோல இருக்கும். அந்தப் பொய்க் கடிதம் அரசிடம் போவது நம் விண்ணப்பத்தில், நம் பெயரில், நம் கையெழுத்தோடு. அதற்குப் பிறகு அந்த ஏஜென்ட் என்ன செய்தாலும் நாம் புகார் கொடுக்க முடியாது. நம் குடுமி அவர் கையில். இதற்கு ஒருபோதும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

எல்லாம் சட்டப்படி இருந்தாலும் பள்ளியே மூடிப்போகலாம். ஜப்பானில் நோவா என்ற பெரிய ஆங்கிலப் பள்ளி 2007 அக்டோபரில் திவாலானபோது ஆயிரக்கணக்கான வெளிநாட்டு ஆசிரியர்கள் சம்பள பாக்கியோடு நின்றார்கள். சீனாவில் 2021 ஜூலையில் தனிப்பயிற்சித் துறையை அரசு கட்டுப்படுத்தியபோது மையங்கள் கூட்டம் கூட்டமாக மூடின. அப்படி ஒரு நாள் வந்தால் வேறு பள்ளிக்கு மாற என்ன தாள் வேண்டும், அதை யார் தர வேண்டும், எத்தனை நாளுக்குள் என்று முன்பே தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஜப்பானில் வேலையிடம் மாறினால் 14 நாளுக்குள் குடிவரவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். சீனாவில் பழைய நிறுவனம் விலகல் சான்று கொடுத்து, பழைய வேலை அனுமதியையும் ரத்து செய்தால்தான் புதிய இடத்தில் சேர முடியும். ஒப்பந்தம் முடிந்த இத்தனை நாளுக்குள் அந்தச் சான்றைத் தருவோம் என்ற வரி ஒப்பந்தத்திலேயே இருக்கட்டும்.

இப்போதெல்லாம் யாராவது எனக்கு ஒப்பந்தம் அனுப்பிக் கருத்துக் கேட்டால், நான் சம்பளப் பக்கத்தைத் திறப்பதில்லை. நிறுவனத்தின் பதிவுச் சான்றை வாங்கி அனுப்புங்கள் என்று எழுதுகிறேன். அங்கே ஏற்கெனவே வேலை பார்த்து விலகிய இரண்டு ஆசிரியர்களின் தொடர்பைக் கேளுங்கள் என்கிறேன். இப்போது அங்கே இருப்பவர்கள் மேலாளர் காதில் விழும்படிதான் பேசுவார்கள், விலகியவர்கள் உள்ளதைச் சொல்வார்கள். விசா வகை என்ன, விண்ணப்பிப்பது எந்த நிறுவனத்தின் பெயரில், நான் நிற்கப்போகும் வகுப்பறையின் முகவரி என்ன என்று மூன்று கேள்வியை மட்டும் மின்னஞ்சலில் அனுப்பச் சொல்கிறேன். போனில் வேண்டாம், எழுத்தில்தான். நேர்மையான பள்ளிக்கு இது ஒரு நாள் வேலை.

நேற்று இரவு ஒரு தங்கை அனுப்பியிருந்தாள். சீனாவில் ஒரு மையம். இஸட் விசாதான் என்று எழுத்திலேயே சொல்லியிருக்கிறார்கள், பெயரும் முத்திரையும் பொருந்துகின்றன, நேரக் கணக்குகூடத் தெளிவாக இருக்கிறது. அவளிடம் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட நாட்டுப் பாஸ்போர்ட்டும் இருக்கிறது. "அண்ணா, இது ஓகேதானே? நாளைக்குக் கையெழுத்துப் போடணும்" என்று கேட்டிருந்தாள். பதிவுச் சான்றின் படத்தையும் இணைத்திருந்தாள். சீனாவில் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் 18 இலக்கத்தில் ஓர் ஒருங்கிணைந்த அடையாளக் குறியீடு உண்டு. அரசின் நிறுவனப் பதிவுத் தளத்தில் அதைப் போட்டால் உரிமையாளர் யார், முகவரி எது, என்ன தொழிலுக்குப் பதிவு என்று வந்துவிடும். படத்தைப் பெரிதாக்கிக் குறியீட்டை ஒவ்வொன்றாக எண்ணினேன். மறுபடி எண்ணினேன். விரலை வைத்து மூன்றாம் முறையும் எண்ணினேன்.

17 இருந்தன. கையெழுத்துப் போட வேண்டாம், முதலில் அவர்களிடம் அசல் சான்றின் தெளிவான படத்தைக் கேள் என்று எழுதிவிட்டுப் படுத்தேன். காலையில் பார்த்தபோது அவளிடமிருந்து செய்தி வந்திருந்தது. கேட்டாளாம். டிக்கெட் போட்டாச்சா என்று திருப்பிக் கேட்டார்களாம்.